கன்னி மூலையில் ஒரு பித்தளைக் குடம்

அதுதான் இல்லை என்கிறேன். பில்லர் உடையாது. வளையக்கூட வளையாது. முழுசாக, நேராக நின்றபடியே, தன் காலடியில் இருக்கும் கான்கிரீட்டைப் பொத்துக்கொண்டு கீழே இறங்கும். ஈர மண்ணில் குடையின் கூர்முனையை ஊன்றினால் இறங்குமே, அப்படி. அதற்குப் பஞ்சிங் ஷியர் என்று பெயர். முதல்முறை கேள்விப்பட்டபோது நீங்கள் இப்போது முகத்தைச் சுளிக்கிற மாதிரிதான் நானும் சுளித்தேன். இரண்டடி தடிமன் கான்கிரீட்டை ஒரு தூண் பொத்துமா என்று.

பொத்தும். கோயமுத்தூரில் கல்லூரிக் கடைசி வருடம் நானும் என் வகுப்புத் தோழி தேஜஸ்ரீயும் செய்தே பார்த்தோம். தட்டு அளவுக்கு ஒரு சின்ன ஃபுட்டிங் வார்த்தோம். ஃபுட்டிங் என்றால் தூணின் பாதம். மண்ணுக்குள் கிடக்கும் சதுரமான கான்கிரீட் பலகை. அதன் நடுவில் குட்டித் தூண் ஒன்று. மெஷினில் வைத்து மேலிருந்து அழுத்திக்கொண்டே போனோம். ரொம்ப நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. தேஜஸ்ரீ கொட்டாவி விட்டாள். அவள் வாயை மூடுவதற்குள் டப்பென்று ஒரு சத்தம். தூணில் ஒரு கீறல் கிடையாது. பலகையைத் திருப்பிப் பார்த்தால், தூணைச் சுற்றிச் சரிவாக வெட்டி எடுத்த மாதிரி ஒரு பிரமிடு தனியாகக் கழன்று கையில் வந்தது. மேலே குறுகலாக, கீழே அகலமாக, நாலு பக்கமும் ஒரே சரிவு. யாரும் அதைச் செதுக்கவில்லை. எடை தானே தேர்ந்தெடுத்த வழி அது. அதாவது ஒவ்வொரு ஃபுட்டிங்குக்குள்ளும் அப்படி ஒரு பிரமிடு கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கிறது. அது கழன்று விழாமல் இருப்பதால்தான் நாம் மேலே நடமாடுகிறோம். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அந்தத் துண்டு இன்றைக்கும் என் அறைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துக் கிடக்கிறது.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், மண்ணரை என்கிற ஊரில் ஒரு கட்டட வேலையில் ஒருநாள் காலை என்ன நடந்தது என்பது இது தெரியாமல் புரியாது.

கதிர்வேல் அண்ணன் குழந்தைத் துணி ஏற்றுமதி செய்கிறவர். வாடகைக் கட்டடத்திலேயே பத்து வருடம் ஓட்டிவிட்டு, மண்ணரையில் இடம் வாங்கி நாலு மாடிக் கம்பெனி கட்ட ஆரம்பித்தார். நான் சைட் இஞ்சினியர். வரைபடம் போட்டது தேஜஸ்ரீயின் ஆபீஸ். மேஸ்திரி கன்னையன். தென்மேற்கு மூலையில், கன்னி மூலை என்பார்கள், அங்கேதான் கட்டடத்திலேயே கனமான பில்லர். ஏனென்றால் வாஸ்துப்படி கன்னி மூலைதான் பாரமாக இருக்க வேண்டும், எனவே மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி அங்கேதான் வரவேண்டும் என்று கதிர்வேல் அண்ணனின் அக்கா சித்ராதேவி சொல்லிவிட்டார். சரி, தொட்டியைச் சேர்த்துக் கணக்குப் போட்டோம். நாலு மாடி, அதன் தலையில் இருபதாயிரம் லிட்டர். பாதம் எட்டடிக்கு எட்டடி, தடிமன் ஒன்றரை அடி. கணக்கு நின்றது. ரொம்பத் தாராளமாக என்று சொல்லமாட்டேன், ஆனால் நின்றது.

திங்கட்கிழமை கான்கிரீட். திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது ராகு காலம். அதனால் ஒன்பதேகாலுக்கு ரெடிமிக்ஸ் வண்டி வரும் என்று பேச்சு. நான் சாவகாசமாக இட்லி சாப்பிட்டுவிட்டு எட்டு மணி ஐந்து நிமிடத்துக்கு ஸ்கூட்டியை நிறுத்தினால், கன்னி மூலைக் குழி நிறைந்து கிடக்கிறது. பக்கத்துக் குழியும் நிறைந்து கிடக்கிறது. கன்னையன் மேஸ்திரி டீ குடித்துக்கொண்டிருக்கிறார்.

"வாங்க மேடம்ங்க. மொத வண்டி முடிஞ்சுபோச்சுங்க."

"முடிஞ்சுபோச்சா? ஒம்பதேகால்னு சொன்னீங்கல்லங்க?"

"அக்காதான் ராத்திரி போன் பண்ணுனாங்க. ராவுகாலம் வர்றதுக்கு முந்தியே கன்னி மூலைய முடிச்சறோணும்னாங்க. ஆறரைக்கு ஊத்துனமுங்க. உங்களுக்கும் போன் அடிச்சனுங்க, ஸ்விட்ச் ஆப்புன்னு வந்துது."

சார்ஜ் போட மறந்திருந்தேன். அதை விடுங்கள். நான் குழி ஓரத்தில் போய் நின்றேன். மாசிப் பனி இன்னும் விலகவில்லை. சாம்பல் நிறத்தில் பளபளவென்று நிரவிவிட்ட கான்கிரீட், நடுவில் தூணின் கம்பிகள் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. அந்தக் கம்பிகளை ஒட்டி, கான்கிரீட்டுக்கு மேலே நாலு விரல் உயரத்துக்கு, மஞ்சள் துணி கட்டிய ஏதோ ஒன்று தலையை நீட்டிக்கொண்டிருந்தது. துணிக்குக் கீழே பித்தளை மின்னியது.

"மேஸ்திரி, அது என்னங்க?"

"பூசைச் செம்புங்க."

"செம்பா? செம்புக்கு இத்தனை பெரிய கழுத்தா?"

கன்னையன் டீ டம்ளருக்குள்ளேயே சிரித்தார். "அக்கா வெச்ச செம்பாச்சுங்களே. கொஞ்சம் பெருசு."

அஸ்திவாரத்தில் செம்பு வைப்பது எல்லோரும் செய்வதுதான். உள்ளங்கையில் அடங்குகிற ஒன்று. கொஞ்சம் தண்ணீர், நவதானியம், காசு. அது எங்கே கிடந்தாலும் ஒரு ஃபுட்டிங்குக்குக் கொசு கடித்த மாதிரி. ஆனால் சித்ராதேவி அக்காவைக் கட்டிக்கொடுத்தது அனுப்பர்பாளையத்துக்கு. பாத்திரப் பட்டறை வீடு. அங்கே அடுப்படியில் கரண்டி வைக்கிற பாத்திரம்கூட அண்டா சைஸில் இருக்கும். தம்பி கட்டுகிற கம்பெனிக்கு அவர்கள் பட்டறையிலேயே தனியாகச் சொல்லி அடித்த குடத்தைக் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்.

நான் டேப்பை எடுத்துக் கழுத்தை அளந்தேன். வயிறு எவ்வளவு அகலம் என்று கன்னையனைக் கேட்டேன். இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். பதினாறு அங்குலம்.

இங்கேதான் விஷயம். கவனியுங்கள். அந்தப் பிரமிடு எங்கே வெட்டும் என்பதைச் சரிபார்க்க ஒரு கோடு இருக்கிறது. தூணின் முகத்திலிருந்து, ஃபுட்டிங்கின் வேலை செய்கிற ஆழத்தில் பாதி தள்ளி, தூணைச் சுற்றி நாலு பக்கமும் கற்பனையாகப் போடுகிற கோடு. எங்கள் ஃபுட்டிங்கில் அந்த ஆழம், மேலிருந்து அடிக் கம்பி வரை, பதினாறு அங்குலம். எனவே கோடு தூணிலிருந்து எட்டு அங்குலத்தில். தூணை ஒட்டி உட்கார்ந்திருக்கும் பதினாறு அங்குலக் குடத்தின் நடு எங்கே இருக்கும்? எட்டு அங்குலத்தில். அந்தக் கோட்டின் மேலேயே, ஏதோ நாங்கள் வரைபடத்தில் குறித்துக் கொடுத்த மாதிரி, குடம் ஏறி உட்கார்ந்திருந்தது. எட்டடிக்கு எட்டடி இடத்தில் எங்கே வேண்டுமானாலும் வைத்திருக்கலாம். நான் பயந்தேன், அதே சமயம், சொன்னால் நம்பமாட்டீர்கள், அதன் துல்லியத்தைப் பார்த்து வாயைப் பிளந்தேன்.

ஒரு கம்பியை எடுத்துக் குடத்தின் ஓரமாகச் சரித்துச் செருகினேன். வயிற்றுக்கு அடியில் போனதும் கம்பி வழுக்கிக்கொண்டு இறங்கி, கீழே பாய் மாதிரிப் பின்னிப் போட்ட மேட் கம்பியில் பட்டு டிங் என்றது. குடத்தின் அடியில் கான்கிரீட் போய்ச் சேரவே இல்லை. வெறும் காற்று.

கன்னையன் அந்த டிங்கைக் கேட்டார். டீ டம்ளரைக் கீழே வைத்தார். முப்பது வருட மேஸ்திரிக்கு அந்தச் சத்தம் என்னவென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

கதிர்வேல் அண்ணன் தகரக் கொட்டகையில் போன் பேசிக்கொண்டிருந்தார். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து பூஜைக்கு உடைத்த தேங்காயைச் சில்லு போட்டுக்கொண்டிருந்தார்.

"வா கண்ணு. தேங்கா எடுத்துக்க. ஏனிப்படி மூச்சு வாங்குது?"

"அக்கா, அந்தக் கொடத்த வெளிய எடுக்கோணுங்க்கா. இப்பவே."

கையில் இருந்த சில்லு அப்படியே நின்றது. "என்ன சொன்ன?"

கதிர்வேல் அண்ணன் போனை வைத்தார். நான் சொல்ல ஆரம்பித்தேன். எனக்குத்தான் தெரியுமே, படபடவென்று பேசினால் பாதி விழுங்கிவிடுவேன். பிரமிடு, கோடு, தொட்டி, ஆறில் ஒரு பங்கு பலம் போச்சு என்று கொட்டினேன். அண்ணன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்பொ இன்னொரு நாலு கம்பி சேர்த்திப் போட்டர்லாமுங்களா?" என்றார்.

எல்லோரும் இதைத்தான் கேட்பார்கள். "கம்பி அடியில படுத்துக் கெடக்குதுங்கண்ணா. பலகை வளையாம பார்த்துக்கறது அதோட சோலி. பொத்திக்கிட்டு எறங்கறதத் தடுக்கறது கான்கிரீட்டோட கனந்தான். அந்தக் கனம் இருக்கவேண்டிய எடத்துல இப்போ கொடம் இருக்குது."

"ஒரு கொடம் எம்பட தம்பி கம்பெனிய கீழ எறக்கிருமா?" என்றார் அக்கா. குரலில் கோபம்கூட இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "நாலு பேர்த்துக்கு நல்லது ஆகோணும்னு வெச்சதுங்கண்ணு அது. கன்னி மூலைல வெச்சத எடுக்கறதா? ஒறம்பரை சனம் அத்தனை பேரும் பார்த்திருக்காங்க."

அண்ணன் இரண்டு பக்கமும் பார்த்தார். அவருடைய காரின் பின்சீட்டில் எப்போதும் ஒரு மூட்டை சாம்பிள் கிடக்கும். எனக்குச் சட்டென்று தோன்றியது. ஓடிப்போய், குழந்தைக்கு மேலும் கீழும் ஒன்றாகத் தைத்த ஒரு ராம்பரை எடுத்து வந்தேன். காலுக்கு நடுவே வரிசையாக ஸ்னாப் பட்டன் வைத்தது.

"அண்ணா, இத இழுங்க."

"அதெதுக்குங்க?"

"இழுங்களேன். துணி வாங்கற பையர் பட்டன இழுத்து புல் டெஸ்ட் பண்ணுவானே, அப்படி."

அவர் பட்டனை இரண்டு விரலால் பிடித்து இழுத்தார். வரவில்லை. உள்பக்கம் ஒரு பட்டைத் துணி கொடுத்துத் தைத்திருந்தார்கள். நான் மூட்டையிலிருந்து இன்னொன்றை எடுத்தேன். பட்டை கொடுக்காமல் ரிஜெக்ட் ஆன பழைய சாம்பிள். இழுத்தார். பட்டன் வந்துவிட்டது. உடையவில்லை, நசுங்கவில்லை, தன்னைச் சுற்றி வட்டமாக ஒரு துண்டுத் துணியை வெட்டி எடுத்துக்கொண்டு முழுசாக வந்தது.

"பட்டன் நல்லா இருக்குதுங்களா?" என்றேன்.

"இருக்குது."

"தையல்?"

"இருக்குது." அண்ணன் கையிலிருந்த பட்டனையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆர்டர் திரும்பி வந்த கதை அவருக்குத்தான் தெரியும். "துணிதான் போச்சு. சுத்தியும்."

"பில்லர்தாங்க பட்டன். ஃபுட்டிங் துணி. இவ்வளவுதாங்க விஷயம்."

அக்கா கையை நீட்டி அந்தப் பட்டனை வாங்கினார். ஒட்டியிருந்த வட்டத் துணியை நகத்தால் தடவினார். "எங்க பட்டறைல தகட்ட மிசின்ல வெச்சு ஒரு அமுக்கு அமுக்குனா வில்லை கழண்டு கீழ விழுமே, அந்த மாதிரியா?"

நான் கையைத் தட்டிவிட்டேன். "அதே தானுங்க்கா! அதுக்குப் பேரே பஞ்சிங்தான்."

"அந்த மிசினுக்கும் பஞ்சுன்னுதான் பேரு," என்றார் அக்கா, யாருக்கென்று இல்லாமல்.

கன்னையன் கொட்டகை வாசலில் வந்து நின்றார். தலைத் துண்டைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தார். "நானொண்ணு சொல்லலாமுங்களா? வரைபடத்துல அந்த பில்லருக்குப் பக்கத்துலதான் செக்கிங் டேபிள் போட்டிருக்குது. எம்பட புள்ள அனுப்பிரியா உங்க கம்பெனில செக்கிங்தானுங்க பாக்குது."

அண்ணனின் போனில் தேஜஸ்ரீயைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, விஷயத்தைச் சொன்னேன்.

"எத்தன மணிக்கு வண்டில லோடு ஆச்சு?" என்றாள் எடுத்த எடுப்பில்.

"அஞ்சம்பதுன்னு சீட்டுல போட்டிருக்குது."

"லேட்டா எறுகற மருந்து கலந்திருப்பாங்க. குளிர் வேற. வைப்ரேட்டர் ஊசிய ஓடவிட்டு கான்கிரீட் மேல வெய்யி. அமுக்காத. தன் எடைக்கே உள்ள எறங்குச்சுன்னா இன்னும் உசுரோட இருக்குதுன்னு அர்த்தம். கொடத்த எடுத்துட்டு அந்தப் பள்ளத்த ரொப்பி மறுபடி வைப்ரேட் பண்ணிரு, ஒண்ணும் ஆகாது. எறங்கலைன்னா இன்னிக்குத் தொடாத. நாளைக்கு மொத்தமா ஒடைக்கோணும்."

'ஒடைக்கோணும்' என்ற சொல் கொட்டகைக்குள் அப்படியே நின்றது. கன்னி மூலையில், பூஜை போட்ட ஃபுட்டிங்கை, டிரில்லர் வைத்து.

"சேரி, எடுத்தர்லாம்," என்றார் அக்கா. எனக்கு மூச்சு வந்தது. "ஒம்பது மணிக்கு மேல எடுத்தர்லாம்."

"அக்கா! இப்ப மணி எட்டரைதாங்க்கா!"

"அதத்தான் நானும் சொல்றன். ராவுகாலத்துல அதத் தொட்டா நான் என்னன்னு சொல்றது? அரை மணி நேரம் பொறுக்க மாட்டீங்களா?"

நான் வெளியே ஓடினேன். கான்கிரீட்டை அதிரவைத்துப் படியவைக்கிற வைப்ரேட்டரை ஓடவிட்டு, அதன் நீள ஊசியைக் குடத்துக்கு ஒரு முழம் தள்ளி வைத்துவிட்டுக் கையை விட்டேன். இறங்கியது. ஆனால் யோசித்து யோசித்து இறங்கியது, மாடு தண்ணீருக்குள் கால் வைக்கிற மாதிரி. இன்னும் அரை மணி நேரத்தில் அது மேலேயே நின்று துள்ளிக்கொண்டிருக்கும் என்று தோன்றியது. கல்லாவதற்கு நேரம் பார்க்காத பொருள் கான்கிரீட் ஒன்றுதான். நம் கண்முன்னாலேயே, சத்தமில்லாமல், ஒவ்வொரு நிமிடமும் மனதை மாற்றிக்கொண்டிருக்கிறது. வேறு நாளாக இருந்தால் உட்கார்ந்து ரசித்திருப்பேன்.

திரும்பிப் பார்த்தால் அக்கா குழி ஓரத்தில் நிற்கிறார். சேலையை இழுத்துச் செருகியிருந்தார். ஊசி இறங்குவதையே பார்த்தார்.

"எப்பக் கான்கிரீட் ஊத்த ஆரம்பிச்சது, கன்னையா?"

"ஆறரைக்குங்க்கா."

"நல்ல நேரத்துல ஆரம்பிச்சது. இன்னும் முடியல. அப்படித்தானே?"

"அப்படித்தானுங்க," என்றார் கன்னையன், எதற்கென்றே தெரியாமல்.

"ராவுகாலத்துல புதுசா ஒண்ண ஆரம்பிக்கறதுதான் கூடாது. ஆரம்பிச்ச வேலைய நடுவுல நிறுத்தவும் கூடாது." அவர் மூக்குத்தியைச் சரிசெய்துகொண்டார். தீர்ப்பு எழுதிக் கையெழுத்துப் போட்ட மாதிரி இருந்தது. "இது ஆறரை மணி வேலைல சேர்த்தி. எடுங்க. ஆனா கம்பில குத்தக்கூடாது, கடப்பாரை படக்கூடாது. நான் கட்டுன மஞ்சத்துணி அவுறக்கூடாது. கொடம் எப்பிடி உள்ள போச்சோ அப்பிடியே வெளிய வரோணும்."

குடத்தின் கழுத்தில் நாலு இடத்தில் கட்டுக்கம்பி போட்டு, தூண் கம்பியோடு இழுத்துக் கட்டியிருந்தார் கன்னையன். எதற்கு என்று கேட்டேன்.

"ஊத்தறப்ப மெதந்து மெதந்து மேல வந்துதுங்க. மூணு தடவ அமுக்குனன். நிக்கவேயில்ல. அப்பறம் கட்டிப்போட்டுட்டன்."

நான் அவரையே பார்த்தேன். அடடா என்று கத்தினேனோ என்னவோ, அண்ணன் திடுக்கிட்டார். தண்ணீர் நிரம்பிய குடம் கனம்தான், ஆனால் அதே அளவு கான்கிரீட் அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் கனம். அந்தக் குடம் ஆறரை மணியிலிருந்தே வெளியே வரத்தான் முயற்சி செய்துகொண்டிருந்தது. நாம்தான் கட்டிப்போட்டு உட்காரவைத்திருந்தோம்.

"தோண்டவே வேண்டாமுங்க," என்றேன். "கட்ட மட்டும் வெட்டுங்க."

ஒரு பலகையைக் குறுக்கே போட்டு அதன்மேல் கன்னையன் குப்புறப் படுத்தார். கட்டிங் பிளேயரால் ஒரு கட்டு, இரண்டு, மூன்று. நாலாவது அறுந்தபோது குடம் லேசாக ஆடியது, அவ்வளவுதான். கான்கிரீட் பிடித்துக்கொண்டிருந்தது. கன்னையன் வைப்ரேட்டர் பிடித்திருந்த பீகார்க்காரரைப் பார்த்துக் கத்தினார்.

"சலாவோங்க! இதர், இதர்! கொடத்துக்குப் பக்கத்துல சலாவோங்க!"

இங்கே ஓட்டு என்பதைத்தான் சொல்கிறார். இந்தியிலும் 'ங்க' போட்டுப் பேசுகிற ஊர் இது. பீகார்க்காரர் சிரிக்காமல் ஊசியைக் குடத்தின் ஒரு பக்கம் இறக்கினார். பிறகு மறுபக்கம். கான்கிரீட்டின் தோல் நடுங்கியது, பளபளத்தது, இறுகத் தொடங்கியிருந்தது மறுபடி குழம்பாக ஆனது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். பத்தில் ஒன்றும் நடக்கவில்லை. பதினைந்தில் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார்.

இருபது எண்ணுவதற்குள் குடத்தின் கழுத்து ஒரு விரல் உயர்ந்தது.

யாரும் தொடவில்லை. கன்னையனின் இரண்டு கைகளும் பலகையில் இருந்தன. இன்னொரு விரல். தோள் தெரிந்தது. பிறகு சாம்பல் வழிய வழிய வயிறு, அவ்வளவு பெரிய பித்தளை வயிறு, ஒரு எருமை குளத்திலிருந்து எழுந்து நிற்கிற மாதிரி நிதானமாக மேலே வந்தது. மஞ்சள் துணியில் ஒரு சொட்டு கூடப் படவில்லை. வைப்ரேட்டரின் இரைச்சலைத் தவிர அந்த சைட்டில் வேறு சத்தமே இல்லை. எனக்கு அது ஏன் வருகிறது என்று தெரியும். சூத்திரமே எழுதிக் காட்டுவேன். தெரிந்தும் கண்ணில் தண்ணீர் நின்றது.

"தானா வருது பாரு," என்றார் அக்கா மெல்ல. "அதுக்கே அங்க இருக்கப் புடிக்கல."

"அக்கா, அது வந்துங்க..." என்று நான் ஆரம்பித்தேன். கதிர்வேல் அண்ணன் என் முழங்கையைப் பிடித்து, "இப்ப வேண்டாமுங்க," என்றார். சரிதான். அக்காவும் நானும் ஒரே குடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கன்னையனும் அண்ணனும் கழுத்தைப் பிடித்துத் தூக்கினார்கள். அது இருந்த இடத்தில் உருண்டையாக ஒரு பள்ளம். நான் டார்ச் அடித்தேன். அடியில் நாலு மேட் கம்பிகள் துடைத்து வைத்த மாதிரி வெறுமையாகக் கிடந்தன. இரண்டு நொடிதான் தெரிந்தது. சுற்றிலும் இருந்த கான்கிரீட் ஊசியின் நடுக்கத்தில் சரிந்து, கம்பிகளை மூடிக்கொண்டு உள்ளே ஓடியது. பக்கத்துக் குழியில் கொஞ்சம் அதிகமாகவே விழுந்திருந்தது. அதிலிருந்து சட்டி சட்டியாக அள்ளிப் போட்டோம். ஐந்து சட்டி பிடித்தது. நான் மறுபடி அதே கம்பியைச் செருகினேன். டிங் வரவில்லை. கம்பி தடுமாறித் தடுமாறி, ஜல்லி ஜல்லியாக முட்டிக்கொண்டு இறங்கியது. அதைவிட இனிமையான தடுமாற்றத்தை நான் இதுவரை உணர்ந்ததில்லை.

மணி எட்டு ஐம்பத்திரண்டு. ஒன்பதே காலுக்கு இரண்டாவது வண்டி வந்து மற்றக் குழிகளை நிரப்பியது. அதற்குள் வைப்ரேட்டர் ஊசியைச் சும்மா ஒருமுறை கன்னி மூலையில் வைத்துப் பார்த்தேன். இறங்கவில்லை. மேலேயே நின்று துள்ளியது.

குடத்தை என்ன செய்வது? அக்கா அதைக் கழுவி, புதிதாக மஞ்சள் பூசி, கொட்டகையில் வைத்திருந்தார். அண்ணன் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஊட்டுக்குக் கொண்டுபோயர்லாமாக்கா?"

"ஏன்? மூலைல இருக்கோணும்னுதான் சாஸ்திரம். கான்கிரீட்டுக்குள்ள இருக்கோணும்னு ஆரு சொன்னா?" அக்கா என் பக்கம் திரும்பினார். "கண்ணு, அந்த மூலைல எங்க வெச்சா உன்ற பிரமிடுக்கு எடஞ்சல் இல்ல?"

உன்ற பிரமிடு என்றார்! நான் வரைபடத்தை விரித்தேன். பாதத்தின் விளிம்புக்கு வெளியே, காம்பவுண்டுக்கு உள்ளே, தரை பீமுக்கும் கீழே வராமல் இரண்டடி மண் இருந்தது. பென்சிலால் ஒரு வட்டம் போட்டேன். அன்றைக்குச் சாயங்காலமே, அக்கா பார்த்துச் சொன்ன நேரத்தில், அங்கே குழி வெட்டி இறக்கினோம். குடத்தின் எடையை மண் தாங்குகிறது, தூணின் எடையைப் பாதம் தாங்குகிறது, யாருக்கும் யாரோடும் சண்டையில்லை.

போன வாரம் தொட்டியில் முதல்முறையாகத் தண்ணீர் ஏற்றினார்கள். நாலு மாடியும் முடிந்து, கீழே செக்கிங் டேபிள் எல்லாம் போட்டாகிவிட்டது. மோட்டார் ஓடிய இரண்டு மணி நேரமும் நான் கன்னி மூலைப் பில்லர் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றேன். தலைக்கு மேல் இருபதாயிரம் லிட்டர் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது. அத்தனையும் என் கையை ஒட்டிக் கீழே இறங்குகிறது. மண்ணுக்குள் விரிந்து, சரிந்து, அந்தப் பிரமிடின் நாலு பக்கங்களையும் உந்திப் பார்க்கிறது. அனுப்பிரியா டேபிளில் ஒரு ராம்பரைத் திருப்பிப் பட்டனை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னக்கா, பில்லருக்குக் காய்ச்சலா?" என்று கேட்டாள். தொட்டி நிறைந்து மோட்டார் நின்றது. ஒன்றுமே நடக்கவில்லை. அந்த ஒன்றுமே நடக்காததை நீங்கள் வந்து பார்த்திருக்க வேண்டும்.

இப்போது இதே ஊரில், ராயபுரத்தில் அடுத்த சைட். வரைபடத்தில் நானே கன்னி மூலை ஃபுட்டிங்குக்கு வெளியே ஒரு வட்டம் போட்டு, 'பூஜைக் குடம் இங்கே' என்று எழுதி, அளவும் கொடுத்து அனுப்பினேன். தேஜஸ்ரீ அழித்துத் திருப்பி அனுப்பினாள். ஸ்ட்ரக்சுரல் டிராயிங்கில் குடத்துக்கு என்ன வேலை, நாளைக்கு எலுமிச்சம்பழத்துக்கும் இடம் கேட்பாய் என்கிறாள். நான் மறுபடி போட்டு அனுப்பியிருக்கிறேன். இடம் கொடுக்காவிட்டால் குடம் தானாக ஒரு இடம் பார்த்துக்கொள்ளும், அது சரியாக அந்தக் கோட்டின் மேலேதான் போய் உட்காரும் என்பதைக் கண்ணால் பார்த்தவள் நான். இந்த ஊரில் எழும்புகிற ஒவ்வொரு கட்டடத்தின் வரைபடத்திலும் தூணுக்கு ஒரு இடம், தொட்டிக்கு ஒரு இடம், கூடவே அந்தக் குடத்துக்கும் ஒரு சின்ன வட்டம் இருக்கத்தானே வேண்டும், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், சொல்லுங்களேன்?